திங்கட்கிழமை தின்ற முப்பத்தேழு

என் மனைவி உலகம்மாள் திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து அட்டவணையில் இல்லை. அதனால் நாற்காலி அவளைத் தாங்குவதில்லை.

உட்கார்ந்தால் தரைக்குப் போய்விடுகிறாள். நாற்காலி உடைவதில்லை. அது பாட்டுக்கு நிற்கிறது, அவள் அதன் வழியாக இறங்கிவிடுகிறாள். செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு நின்றபடியே காப்பி குடித்தாள். அதிலும் பாதிதான் அவளுக்குள் தங்கியது. மீதியை நான் தரையில் துடைத்தேன்.

"ஏங்க, நாற்காலி என்னைய வாங்க மாட்டேங்கு" என்றாள்.

"இன்சர்ட் ஆகலை போல."

"அது உங்க சோலிதான?"

"என் சோலிதான்."

"அப்பம் பாத்துச் செய்ய வேண்டியதுதான?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பதினோரு வருடமாக என் வேலை அதுதான். ஆட்களை அட்டவணையில் நுழைக்கிறேன். அட்டவணையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லாதவர்கள் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாரையும் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே போடுவார்கள். இந்தத் தடவை அது திங்கட்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு எங்கள் மேலாளர் 'கமிட்' என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

புதன்கிழமை சிலிண்டர் கொண்டுவந்தவர், "வீட்ல யாரும் இல்ல" என்று உலகம்மாளிடமே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். வியாழக்கிழமை அவள் வைத்த ரசத்தில் உப்புப் போட்டும் உப்பில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் இடது கை முழங்கைக்குக் கீழே மங்கிப் போயிருந்தது. அந்தக் கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" என்றாள்.

"முடியும்" என்றேன்.

எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

படியிறங்கும்போது கீழ்வீட்டுக் கனகசபை இருவரும் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் வரிசை தவறுதலாக இரண்டு தடவை நுழைந்துவிட்டது. ஒரு கனகசபை இரண்டு கனகசபை ஆனாரே தவிர பல் துலக்கும் பிரஷ் ஒன்றுதான். ஒருவர் துலக்கி, துப்பி, கழுவாமல் மற்றவரிடம் கொடுத்தார். அவரும் வாங்கி அப்படியே வாயில் வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தபடி தெருவுக்கு வந்தேன்.

அலுவலக வாசலில் விரல்ரேகை இயந்திரம் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. இந்த வாரம் முழுக்க இதே கதை. அதன் கண்ணாடியில் ஆயிரம் பேருடைய விரல் பிசுக்கு. என் விரல் மட்டும் என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை. டீக்காரரும் என்னைத் தாண்டிப் போனார். இந்த வாரம் அவரும் அப்படித்தான். நான் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த அலுவலகத்தில் மரியாதையை எதிர்பார்க்கிறவன் வேறு வேலை பார்க்க வேண்டும்.

எங்கள் அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடி முழுக்க அதுதான் படுத்திருக்கிறது. வெதுவெதுப்பாக, ஈரமாக, பல் விழுந்த ஈறு மாதிரி வரிசை வரிசையாக. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரிசை. ஒரு வரிசை ஓர் ஆள். ஒவ்வொரு வரிசையிலும் ஆறு குழி: எண், பெயர், கணவர் அல்லது தகப்பனாரின் எண், பிறந்த தேதி, முகவரி, குறிப்பு. ஆளின் விவரங்கள் பிசைந்த மாவு உருண்டையாக எங்களிடம் வரும். நாங்கள் அதைக் கையில் எடுத்து, முழங்கை வரை உள்ளே விட்டு, குழியில் அமுக்க வேண்டும். அமுக்கியதும் அது வாயை மூடிக்கொள்ளும். கையை உருவும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

சும்மா அமுக்கினால் வாங்காது. அதற்கென்று உள்ள செய்முறை மொழியில் சொல்ல வேண்டும். முதலில் 'அறிவி', பிறகு 'தொடங்கு', பிறகு 'நுழை', கடைசியில் 'முடி'. அந்த மொழியில் கட்டளை மட்டும்தான் உண்டு. 'தயவுசெய்து' கிடையாது. 'ஏன்' கிடையாது. முடித்ததும் ஓர் அரைப்புள்ளி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் சொன்னதெல்லாம் வீண். அரைப்புள்ளிகளை ஸ்டோரில் சின்ன எவர்சில்வர் டப்பாவில் கொடுப்பார்கள். மீன் செதில் மாதிரி இருக்கும். அதே வாடை. நகத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. கல்யாணமான நாளிலிருந்து உலகம்மாள் என் வலது கையைப் பிடித்ததில்லை. எப்போதும் இடது கைதான்.

திங்கட்கிழமை போன்ற பெரிய நாட்களில் 'சுற்று' என்று சொல்வோம். சொன்னதும் நடைபாதை சுழலத் தொடங்கும். நின்ற இடத்திலேயே நிற்கலாம். வரிசைகள் ஒவ்வொன்றாக நம் முன்னால் வந்து வாயைத் திறக்கும்.

சில உருண்டைகளை வரிசை வாங்காது. ஏதோ ஒன்று ஒத்துப்போகாமல் துப்பிவிடும். துப்பியது எலுமிச்சம்பழ அளவில் சாம்பல் நிறத்தில் இருக்கும். மேலே முடி ஒட்டியிருக்கும். அதுதான் பிழை.

பிழையை மேல்மாடிக்குப் போகும் அறிக்கையில் காட்டக் கூடாது. மேல்மாடிக்குப் பிழை பிடிக்காது. கீழே போட்டாலும் அது அங்கேயே கிடந்து நாறும். ஆகவே யார் நுழைக்கிறாரோ அவர் அதைத் தின்றுவிட வேண்டும். இப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. பழக்கம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்னால் இருந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படி விழுங்குவது என்று செய்து காட்டினார். கடிக்கக் கூடாது. பார்க்கக் கூடாது. உடனே தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு அறிக்கையில் 'பிழைகள்: பூஜ்யம்' என்று எழுத வேண்டும். பதினோரு வருடமாகப் பூஜ்யம். சுத்தமான பிரிவு என்று எங்களுக்கு இரண்டு தடவை கேடயம் கொடுத்திருக்கிறார்கள்.

மேலாளர் சச்சிதானந்தத்தின் அறை நடைபாதையின் கடைசியில் இருக்கிறது. வழக்கமாக நாற்பது அடி. அன்றைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தேன். நடுவில் இரண்டு தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே டம்ளரைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். விளிம்பில் யாருடையதோ வெற்றிலைச் சிவப்பு. நான் குடிக்கவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகால் தோலை ஸ்டேப்ளர் பின் எடுக்கும் இடுக்கியால் உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததை வாராந்திர அறிக்கையின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தார்.

"என் மனைவி உள்ள போகல சார்" என்றேன்.

"எந்த டேபிள்?"

"நபர் டேபிள்."

"ரிப்போர்ட்ல எரர் பூஜ்யம்னு இருக்கே."

"பூஜ்யம்தான் சார்."

"அப்ப எல்லாரும் உள்ள போயிட்டாங்க."

"அவ போகல சார்."

"அப்ப அவங்க எல்லார்ல சேத்தி இல்ல."

அவர் ஒரு நீளமான தோலை உரித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு வைத்தார். அதை நேராக்கவும் செய்தார்.

"ரோல்பேக் பண்ணிடலாமே சார். திங்கக்கிழமைக்கு முன்னால எப்படி இருந்துதோ அப்படியே."

"ரோல்பேக் ரூம்ல இப்ப ஜெராக்ஸ் மெஷின் இருக்கு."

"தனியா ஒரே ஒரு இன்சர்ட். நானே போட்டுக்கறேன்."

"ஃபார்ம் நம்பர் நாலு எழுதுங்க. அந்த அம்மா இருக்காங்கன்னு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீங்க யாரு?"

"கோமதிநாயகம் சார்."

அவர் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். "எங்கயோ கேட்ட பேரு" என்றார்.

பதினோரு வருடம். ஆனால் கையெழுத்து வேண்டுமே. சிரித்து வைத்தேன். அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு தோல் துண்டு கையெழுத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"முந்தைய எரர் என்னன்னு மூணாவது கட்டத்துல எழுதணும்" என்றார். "அது தெரியாம திரும்பப் போட்டா திரும்பவும் துப்பும். அஞ்சரைக்கு நான் கமிட் சொல்லிடுவேன். எனக்கு டிரெயின் இருக்கு."

திரும்பி வரும்போது நடைபாதை நாற்பது அடிதான் இருந்தது.

என் பக்கத்து இருக்கை லூர்துமேரி மேடத்தினுடையது. யார் யார் எத்தனை பிழை தின்றார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு வைப்பார். யாரும் கேட்டதில்லை. அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பிழையோடு தொட்டுக்கொள்ள வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் மாவடு கொண்டுவருவார்.

"திங்கக்கிழமை 'உ' யாரோட பகுதி மேடம்?"

"உங்களுது சார். 'உ'லருந்து 'கோ' வரைக்கும் நீங்கதான். அன்னைக்கு முப்பத்தேழு சாப்டீங்க. நான் இருபத்தொண்ணு."

"யார் யார்னு பாத்தீங்களா?"

"யாராச்சும் பாப்பாங்களா சார்? பாத்தா எறங்குமா?"

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்கியதும் தின்ற ஒன்றில் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வாசனை அடித்தது. உலகம்மாள் தலைக்கு வைக்கிற எண்ணெய். என்னடா இது வீட்டு வாசனையாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே விழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். அடுத்ததற்குக் கையை நீட்டினேன்.

என் மேல் எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் நாக்கை என் வாயில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை.

கேன்டீனுக்குப் போய் வெந்நீரில் உப்புக் கேட்டேன். கொடுக்க யாரும் வரவில்லை. நானே கலந்துகொண்டேன்.

கேன்டீனில் டெஸ்ட் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் அங்கேதான் இருப்பார். அட்டவணையின் முதல் வரிசை அவர். முழுப் பெயர் டெஸ்ட் டெஸ்ட். பிறந்த தேதி 1900ஆம் வருடம் ஜனவரி முதல் தேதி. வீடு, அஸ்டஃப் தெரு, கதவு எண் ஒன்று. குறிப்புக் குழியில் ஒரு செல்போன் எண், பத்து இலக்கமும் ஒன்பது. அட்டவணை வாங்குகிறதா என்று பார்ப்பதற்காக யாரோ ஆதியில் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஓர் உருண்டை பிடித்துப் போட்டார்கள். பார்த்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டார்கள். இந்தத் தொழிலில் எல்லாரும் மறப்பது அதைத்தான். எல்லாரையும் எடுத்து மறுபடி போடும்போதும் முதல் ஆளாக அவரைத்தான் போடுகிறோம்.

எல்லாக் குழியும் நிறைந்தவர் என்பதால் அவரை மாதிரி திடமாக இருப்பவர் ஊரில் யாருமில்லை. நாற்காலி அவர் உட்கார்ந்ததும் முனகும். கணவர் எண் தெரியாத பெண்களுக்கும் தகப்பன் எண் தெரியாத குழந்தைகளுக்கும் நாங்கள் 'ஒன்று' என்று போட்டுவிடுவோம். அப்படி அவருக்கு அறுபத்தோராயிரம் மனைவிகள். பிள்ளைகள் எத்தனை என்று லூர்துமேரி மேடம்கூட எண்ணியதில்லை. தோல் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருக்கும். அன்றைக்குத் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தார். கையிலிருந்து மோர் முழங்கைக்கு வழிந்தது. அங்கிருந்து நக்கினார்.

"வாங்க" என்றார். இந்த வாரத்தில் என்னை வாங்க என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

கை கழுவும் தொட்டியில் தலையைக் குனிந்து நின்றேன். மூன்று டம்ளர் உப்புநீர் போனதும் வரத் தொடங்கியது. முப்பத்தேழும் வந்தன, தின்றதற்குத் தலைகீழ் வரிசையில். பதினோரு வருடத்துப் பழையவை வரவில்லை. அவை செரித்துவிட்டன. அதை நினைத்ததும் இன்னொரு தடவை குமட்டியது. வெறும் நீர்தான் வந்தது.

குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவினேன். முடியை விலக்கினால் உள்ளே மெல்லிய தோலில் ஒரு வரி எழுதியிருந்தது. அப்படி எழுதியிருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கிருஷ்ணபரமாத்மா என்று ஒருவர். பெயர் குழியைவிட நீளம். ஊர்க்காவலன் என்று ஒருவர். வீட்டு எண்ணில் ஒரு கோடு. எழிலரசி, கதவு எண்ணுக்கு முன்னால் ஒரு இடைவெளி. குணவதி, பிறந்த வருடம் இரண்டு இலக்கத்தில். ஒரு கைக்குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை, வைத்துவிட்டு வரவும்.

இவ்வளவுதான். இதற்காகத்தான் துப்பியிருக்கிறது. ஒரு நிமிடம் உட்கார்ந்து ஒரு இடைவெளியை எடுத்துவிட்டிருந்தால் அந்த எழிலரசி இப்போது நாற்காலியில் இருப்பாள். நான் அவளைத் தின்றேன். சாயங்காலம் நான்கு மணிக்குச் சூடான பஜ்ஜியும் தின்றேன்.

முப்பத்தாறாவது உலகம்மாள். கழுவும் முன்பே வாசனையில் தெரிந்துவிட்டது. தோலை நிமிர்த்திப் படித்தேன்.

'கணவர் எண் 3,07,118. அப்படி ஒருவர் அட்டவணையில் இல்லை.'

3,07,118 என் எண்.

தொட்டியில் இன்னும் ஒன்று பாக்கி கிடந்தது. அதைக் கழுவ எனக்கு மனமில்லை. கழுவினேன். 'கோமதிநாயகம். குறிப்புக் குழி காலி' என்றிருந்தது. அந்தக் குழி காலியாக இருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று இருந்தால் போதும், ஒரு வார்த்தை. என்னைப் பற்றிக் குறிப்பிட ஒன்றுமில்லை என்று துப்பியிருக்கிறது.

விரல்ரேகை இயந்திரத்தை நான் வீணாகத் திட்டியிருக்கிறேன். டீக்காரரையும்தான். வீட்டில் அவள் நிற்கிறாளே என்று நானும் இந்த வாரம் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

டெஸ்ட் கையை நக்கி முடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும் வெளியவா?" என்றார்.

"ரெண்டு பேரும்."

"மொதல்ல நீங்க உள்ள போங்க. அப்புறம் அவங்கள உங்க நம்பர் போட்டு உள்ள விடுங்க. ஒரு குறிப்பு எழுதுனா முடிஞ்சுது."

சரியான யோசனைதான். அருவருப்பான ஆள் சொன்னான் என்பதற்காக யோசனை கெட்டுவிடாது. ஆனால் டப்பாவைத் திறந்தேன். ஓர் அரைப்புள்ளிதான் இருந்தது. ஓர் அரைப்புள்ளிக்கு ஓர் ஆள். மணி ஐந்து. ஸ்டோரை நாலு மணிக்கே பூட்டிவிடுவார்கள். படிவத்திலும் 'ஒரே ஒரு நுழைப்பு' என்று கையெழுத்தாகியிருந்தது.

ஓடிப்போய் லூர்துமேரி மேடத்திடம் கேட்டேன்.

"என்கிட்ட ஒண்ணுதான் சார் இருக்கு. காலைல ஆரம்பிச்சத நான் இன்னும் முடிக்கல. இது இல்லாம நான் எப்பிடி சார் எந்திரிச்சு வீட்டுக்குப் போறது? வீட்ல மாவு அரைக்கணும்."

"என் மனைவி மேடம்."

"பாவம்தான் சார்."

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். முகத்தில் தெரிந்தது. அரைப்புள்ளியை மட்டும் கையால் மூடிக்கொண்டார்.

"அவங்களுக்குக் கணவர் நம்பர் ஒண்ணு போட்டுடுங்க சார்" என்றார் மெதுவாக. "எல்லாரும் அதான் போடுறாங்க. ஒண்ணும் ஆகாது."

நான் அதுவரை எத்தனை பேருக்கு அந்த எண்ணைப் போட்டிருப்பேன். போட்ட ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகாது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் மாடிக்குப் போகும் படியில் நின்று யோசித்தேன். நான் உள்ளே போனால் ஐந்தரைக்கு உலகம்மாள் இல்லை. அவள் உள்ளே போனால் ஐந்தரைக்கு நான் இல்லை. என்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதலாம் என்று பேனாவைத் திறந்துகூடப் பார்த்தேன். 'பிழை தின்பவர்' என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அதை அறிக்கையில் காட்ட முடியாது. பேனாவை மூடினேன். அவளுடைய இடது கை ஞாபகத்துக்கு வந்தது. பிழையைத் தின்று தின்று அதை மங்க வைத்தது நான்தான் என்று தோன்றியது.

மூன்றாவது கட்டத்தில் பிழையை எழுதினேன். நாலாவது கட்டத்தில், கணவர் எண் என்ற இடத்தில், ஒன்று என்று போட்டேன். போடும்போது உடம்பெல்லாம் கூசியது. கரப்பான்பூச்சியைக் கையால் நசுக்கினால்கூட எனக்கு அப்படிக் கூசாது.

கணவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட டெஸ்ட் படியேறி வந்தார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்.

"என்ன கொழம்பு நல்லா வெப்பாங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரியாதவன் வீட்டில் போய் அவள் கஷ்டப்படக் கூடாது என்று தோன்றியது.

"சொதி" என்றேன். "திருநெல்வேலிப் பக்கம் வைக்கறது. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கறி எல்லாம் போட்டு. இஞ்சித் துவையல் அரைப்பா அதுக்கு."

"சொதி" என்று சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்கு. புளிப்பா?"

"எலுமிச்சம்பழம் பிழியணும். நிறையப் பிழிஞ்சா அவளுக்குப் பிடிக்காது. உப்புக் கூட இருக்கு, குறைச்சல்னு சொன்னா மூஞ்சி தூக்கிக்குவா. அரைமணி நேரத்துல சரியாயிடுவா."

"எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றார் டெஸ்ட். "எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்." ஈரக்கையால் கையெழுத்துப் போட்டார். மை கலைந்து ஓடியது.

உலகம்மாளின் உருண்டையைப் பிசைந்து சரிசெய்தேன். அறிவி. தொடங்கு. அட்டவணை வாயைத் திறந்தது. கையை முழங்கை வரை விட்டேன். வழக்கம்போல வெதுவெதுப்பு, வழக்கம்போல வாடை. நுழை. அவளை அமுக்கும்போது மட்டும் எனக்கு அழுகை வந்தது. நான் அங்கே ஒருபோதும் அழுததில்லை. முடி. கடைசி அரைப்புள்ளியை ஒட்டினேன். அது மூடிக்கொண்டது. துப்பவில்லை.

மணி ஐந்து இருபத்தாறு. வீட்டுக்குப் போன் செய்தேன்.

"ஏங்க!" என்றாள். குரல் கணீரென்று இருந்தது. "உக்காந்துட்டேங்க. நாற்காலில நல்லா உக்காந்துட்டேன். கையும் வந்துட்டு. முடிச்சிட்டீங்களே!"

"முடிச்சிட்டேன்."

"நான் என்னத்தையெல்லாமோ நெனச்சுப் பயந்துட்டேன். வரும்போது தேங்காய் ரெண்டு வாங்கிட்டு வாங்க. சொதி வைக்கேன். கைய நல்லாக் கழுவிட்டு வாங்க என்ன?"

"சரி."

"ஏன் ஒரு மாதிரி பேசுதீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா உக்காரு. எந்திரிக்காத."

"எந்திரிக்கவே மாட்டேன்" என்று சிரித்தாள்.

ஒலிபெருக்கியில் சச்சிதானந்தம் செருமினார். சளியைத் தொண்டைக்குள்ளேயே புரட்டி விழுங்குவது மூன்று மாடிக்கும் கேட்டது. பிறகு, "கமிட்" என்றார்.

"உலகு" என்றேன்.

"ஆரு பேசுதது?" என்றாள். "ராங் நம்பர். வைங்க." வைத்துவிட்டாள்.

பக்கத்தில் டெஸ்ட்டின் போன் அடித்தது. அவர் காதில் ஒட்டவைத்துக்கொண்டார்.

"ம். சொல்லும்மா. ஆமா, கெளம்பிட்டேன். தேங்காயா? ரெண்டா? ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதும்." வைத்துவிட்டார்.

நாங்கள் கேன்டீனுக்கு இறங்கியபோது லூர்துமேரி மேடம் பையோடு அங்கே நின்றிருந்தார். தொட்டியில் முப்பத்தாறு கிடந்தன. சச்சிதானந்தம் பையை மாட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனவர், "இத இப்பிடிப் போட்டுட்டுப் போகக் கூடாதும்மா" என்று லூர்துமேரி மேடத்திடம் சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினார். மேடம் பெருமூச்சு விட்டார். மாவடு பாட்டிலைத் திறந்தார். கையில் முதலில் அகப்பட்டதை எடுத்தார். அது நான்.

"மேடம், அத மட்டும் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

அவர் போனில் எதையோ ஓடவிட்டுப் பார்த்தபடி வாயில் போட்டார். அன்றைக்கு ஏனோ கடித்தார். இரண்டு தடவை மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"இதுல ஒண்ணுமே இல்ல சார். சப்புனு இருக்கு" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. டெஸ்ட்டிடம் சொன்னார். டெஸ்ட் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சொதிக்கு மூன்று பால் எடுக்க வேண்டும். ஒரு காய் போதாது. ஒரு காயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் எப்படி வைப்பாள்? மூன்றாம் பாலிலேயே தண்ணீர் ஊற்றி ஒப்பேற்றுவாள், அவளுக்கே அது பிடிக்காது. இரண்டு வேண்டும் என்று சொல்வதற்காக நான் அவர் பின்னாலேயே இறங்கினேன். படிகள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொரு படியிலும் சொன்னேன்.